நூற்று நாற்பத்தொன்றாவது போன்

அத்தியாயம் 6

செத்துப்போன போன் ஒன்று பத்மஜாவின் மேஜைமேல் கிடந்தது. கண்ணாடி சில்லுச்சில்லாகப் போயிருந்தது. முதுகு வளைந்திருந்தது. சார்ஜ் போடும் துளைக்குள் சிமெண்ட் இறுகிக் கல்லாகியிருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்த பொன்னம்மை நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள். உட்கார்ந்தால் அழுதுவிடுவோமோ என்று பயந்து நின்றுகொண்டே பேசுகிற மனிதர்கள் உண்டு. பத்மஜாவுக்கு அவர்களைத் தெரியும். அவளும் அந்த இனம்தான்.

பத்மஜாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழுது பார்க்கும் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, பேச்சே இல்லாத கம்பியைக் கேட்டு, கோளாறு எந்தத் தெருவில் என்று சொல்லிவிடுவாள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கரமனை அக்ரஹாரத்து வீட்டின் முன்னறையில் துப்பறியும் அலுவலகம் போட்ட பிறகும் வேலை மாறிவிடவில்லை. கம்பிக்குப் பதில் மனிதர்கள், அவ்வளவுதான். எதிரே இருப்பவர் பேசி முடித்த பிறகும் அவள் பேசாமல் இருப்பாள். அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல் அவர் இன்னொரு வாக்கியம் சொல்வார். அநேகமாக அதில்தான் உண்மை இருக்கும்.

உதவியாளர் ஜெஸ்லினுக்கு மௌனம் ஆகவே ஆகாது. நாகர்கோவில்காரி, முப்பத்தாறு வயது. கழக்கூட்டத்தில் ஓர் இன்டர்நெட் கம்பெனியின் கால் சென்டரில் எட்டு வருஷம் இருந்தவள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று தினம் இருநூறு பேரிடம் பொய் சொன்ன பாவத்தைக் கழுவத்தான் துப்பறிய வந்திருப்பதாகச் சொல்லிக்கொள்வாள்.

பொன்னம்மை சொன்ன விஷயம் இதுதான். அவள் கணவன் தங்கபாண்டி கொத்தனார் மேஸ்திரி. கழக்கூட்டத்தில் அவன் வேலை பார்த்த புது வீட்டின் போர்ட்டிகோ கூரை போன வியாழக்கிழமை மதியம் இடிந்து விழுந்தது. வேலையாள் ஒருவன் இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கான்கிரீட் போட்ட ஒன்பதாம் நாளே அடியில் கொடுத்திருந்த முட்டுகளைப் பிரித்ததுதான் காரணம். மேஸ்திரி அவசரப்பட்டுத் தானாகப் பிரித்துவிட்டான் என்று எஞ்சினியர் ஹரிஷங்கர் போலீஸில் எழுதிக்கொடுத்துவிட்டார். தங்கபாண்டி இப்போது உள்ளே இருக்கிறான். நாளைக் காலை பதினொரு மணிக்கு ஜாமீன் மனு கோர்ட்டுக்கு வருகிறது.

முட்டுகளைப் பிரிக்கச் சொன்னவரே எஞ்சினியர்தான் என்கிறான் தங்கபாண்டி. புதன்கிழமை சாயங்காலம் கூரைக்கு அடியில் நின்று அவர் சொன்னதையும், இவன் வேண்டாமென்று மறுத்ததையும் போனில் படம் பிடித்திருக்கிறான். அந்தப் போன்தான் மறுநாள் இடிபாட்டுக்குள் போய், சிமெண்ட் தின்று, மேஜைமேல் கிடக்கிறது.

எஞ்சினியர் ஒரு காகிதம் கொடுத்தனுப்பியிருந்தாராம். கணவனின் கவனக்குறைவுதான் காரணம் என்று பொன்னம்மை கையெழுத்துப் போட்டால் கேஸை லேசாக்கி வெளியே எடுத்துவிடுவதாகச் சொன்னாராம்.

"பன்னெண்டு வருசமா அவுக கட்டுன ஒரு செவரு வெடிச்சதில்ல," என்றாள் பொன்னம்மை. "நான் கையெழுத்து போட்டா அம்புட்டு செவரும் இடிஞ்ச மாதிரிதான். போட மாட்டேன்."

பத்மஜா நொறுங்கிய போனை ஜெஸ்லின் பக்கம் தள்ளினாள்.

ஜெஸ்லின் தன்னால் முடிந்ததைப் பார்த்தாள். நொறுங்கிய போனிலிருந்து சிம்மைப் பிடுங்கித் தன் போனில் போட்டு, அந்த நம்பரை வைத்துக் கணக்கைத் தேடினாள். படங்கள் தானாகச் சேமிப்பாகும் கணக்கு ஒன்று எல்லாப் போனிலும் இருக்கும். போன் போனாலும் கணக்கு போகாது. ஆனால் அந்த நம்பரில் எந்தக் கணக்கும் இல்லை என்று பதில் வந்தது. பொன்னம்மைக்குக் கணக்கைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. தம்பானூர் யூசுப் கடையில் போன் வாங்கியபோது எல்லாம் அவரே போட்டுத் தந்தார் என்று மட்டும் தெரியும். தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போவார்கள். அங்கே கிடைக்கிற இலவச வைஃபையில் ஊரிலிருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேசுவார்கள். புதன்கிழமையும் போயிருந்தார்கள்.

"அப்போ வீடியோ மேல ஏறியிருக்கும்," என்றாள் ஜெஸ்லின். "எந்த மேலேன்னுதான் தெரியல்ல. சொர்க்கத்துக்கு வழி தெரியும், வீட்டு நம்பர் தெரியாது."

அதுவரை வாசற்படியோரம் நின்ற தாணு அப்போதுதான் வாய் திறந்தான். தங்கபாண்டியோடு வேலை செய்கிறவன், துணைக்கு வந்தவன். மேஸ்திரி எப்படியிருப்பார் என்று காட்டுவதற்காகத் தன் போனில் படங்களைத் தள்ளித் தள்ளித் தேடினான். பத்மஜா எட்டிப் பார்த்தாள். மாலை போட்ட ஓர் ஆடு போயிற்று. முன்பல் விழுந்த ஒரு குழந்தை போயிற்று. யாரோ ஒரு மாப்பிள்ளை பெண்ணுக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தான்.

"ஆடு யாரோடது?" என்று கேட்டாள் பத்மஜா.

"தெரியாது மாமி. அது போன் கம்பெனிக்காரன் போடுறதாக்கும். காலண்டர்ல படம் போடுவான்லா, அதுபோல. தெனமும் புதுசு புதுசா வரும்."

"எட்டு வருஷம் கஸ்டமர் கேர்ல இருந்தேன்," என்றாள் ஜெஸ்லின். "ஆடு அனுப்புற பிளான் ஒண்ணு உண்டுன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல்லியே."

பத்மஜா சிரிக்கவில்லை. அவள் காதுக்குள் எங்கோ ஒரு கம்பி மெல்ல இரைந்தது. ஒரு தெருவின் பேச்சு இன்னொரு தெருவின் கம்பியில் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அந்த இரண்டு கம்பிகளும் எங்கோ ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவள் எழுந்து குடையை எடுத்தாள். மற்ற மூவரும் கூடவே கிளம்பினார்கள்.

தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது யூசுப்பின் கடை. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். பொன்னம்மையைக் கண்டதும் யூசுப்பின் முகம் ஒரு கணம் இருண்டது. பிறகு பத்மஜாவைப் பார்த்து மளமளவென்று வியாபாரத்தைத் தொடங்கிவிட்டார். வீட்டுக்கு இன்டர்நெட் எடுத்தாச்சா என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்கு முன்பே மூன்று வண்ணத் தாள்களை விரித்தார். ஒன்றில் ஃபைபர் லைனும் லேண்ட்லைனும் சேர்த்து. இன்னொன்றில் அதோடு இரண்டு மொபைல். மூன்றாவதில் படங்களைச் சேமித்து வைக்க ஆகாயத்தில் இடமும் உண்டு.

ஜெஸ்லின் மூன்று மாதமாக வீட்டுக்கு இன்டர்நெட் எடுக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். பத்மஜா இன்னும் முடிவு செய்யவில்லை. லைன் எடுப்பது சுலபம், நம் பொருள் கடைசியில் யார் வீட்டில் போய் இருக்கும் என்று யாராவது சொன்னால் எடுக்கலாம் என்பது அவள் கட்சி. யூசுப் அதைச் சொல்லவில்லை. வேகத்தைப் பற்றிச் சொன்னார்.

"இக்கா, உங்க கடையில எந்த லைன்?" என்று ஜெஸ்லின் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாள். திரையின் மூலையில் லாட்ஜின் பெயர் இருந்தது. "லாட்ஜ் வைஃபையா? கொள்ளாம். ஷுகர்காரன் லட்டுக்கடை வச்ச மாதிரி."

யூசுப் தாள்களை மடித்து வைத்தார். தங்கபாண்டிக்குப் போட்ட கணக்கு எது என்று ஜெஸ்லின் கேட்டாள். ஞாபகமில்லை என்றார். ஒரு நாளைக்கு ஐந்தாறு பேருக்குப் போட்டுக்கொடுக்கிறேன், எல்லாவற்றையும் யார் நினைவில் வைப்பார்கள் என்றார்.

பத்மஜா பேசவில்லை. கடையைப் பார்த்தாள். கண்ணாடி அலமாரி, போன் முகத்தில் ஒட்டும் கண்ணாடிகள், சார்ஜர்கள், ஒரு மேஜை விசிறி, பாதி குடித்த சுலைமானி டீ. வெளியே நாகர்கோவில் பஸ் ஒன்று நடத்துநரின் கூவலோடு போயிற்று. யூசுப் விசிறியைத் திருப்பினார். டீயைத் தள்ளி வைத்தார். பத்மஜா இன்னும் பேசவில்லை.

"சத்தியமா ஓர்மை இல்லா மாமி," என்றார் அவர், யாரும் கேட்காமலே.

"நோட்டு எங்கே?" என்றாள் பத்மஜா.

"எந்த நோட்டு?"

"ஒரு நாளைக்கு அஞ்சு பேர். அவா யாருக்கும் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது. மறந்தா உங்ககிட்டதான் வருவா. நீங்க எழுதி வச்சிருக்கணும். கடை பூரா பார்த்தாச்சு, நோட்டே இல்லை." அவள் குரல் உயரவே இல்லை. "நோட்டு இல்லாம ஒரு மனுஷனால எத்தனை பாஸ்வேர்டு ஞாபகம் வச்சுக்க முடியும்?"

யூசுப் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு," என்றார்.

எல்லாப் போனுக்கும் ஒரே கணக்கு. புதிதாகக் கணக்குத் தொடங்கப் பிறந்த தேதி கேட்கும், இன்னொரு நம்பர் கேட்கும், வேலைக்கு நேரமாகிறது என்று ஆள் துடிப்பான். ஒரு நாள் தன் பெயரில் தொடங்கியிருந்த கணக்கையே ஒருவனுக்குப் போட்டுக் கொடுத்தார். அது நன்றாக வேலை செய்தது. பிறகு எல்லோருக்கும் அதுவே. இந்த மூன்று வருஷத்தில் நூற்று நாற்பது போன்கள். இடம் தீர்ந்தபோதெல்லாம் கைக்காசு போட்டு இடத்தைக் கூட்டிக்கொண்டும் வந்திருக்கிறார். ஒருவர் எடுத்த படம் எல்லோருடைய போனிலும் தெரியும் என்பது அவருக்கும் பின்னால்தான் புரிந்தது. புரிந்த பிறகு சொல்லப் பயம்.

"நூத்திநாப்பது குடும்பத்துக்கு ஒரே ரேஷன் கார்டு," என்றாள் ஜெஸ்லின்.

தாணு தன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆட்டுக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் என்பது அவனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அதற்கடுத்தது உடனே உறைத்தது. "அப்போ என் பெஞ்சாதி படம்?" என்றான். யூசுப் தலையைக் குனிந்துகொண்டார். தாணு கையை ஓங்கவில்லை. ஆனால் ஓங்கியிருந்தால் அங்கே யாரும் தடுத்திருக்கமாட்டார்கள்.

ஜெஸ்லின் கடைக் கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கைத் திறந்தாள். புதன்கிழமைக்குப் போனாள். யாரோ சாப்பிட்ட புரோட்டா, யாரோ வாங்கிய சேலை, சங்குமுகம் கடற்கரையில் யாரோ நான்கு பேர். தங்கபாண்டியின் வீடியோ இல்லை. அழித்தவை போய்ச் சேரும் குப்பைத் தொட்டியைத் திறந்தாள். அதுவும் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

அவள் யூசுப்பைப் பார்த்தாள். அவர் தானாகவே சொன்னார். இன்று மதியம் ஹரிஷங்கர் வந்திருந்தார். லாக்கப்பில் தங்கபாண்டி வீடியோவைப் பற்றிப் பேசியது அவர் காதுக்கு எட்டியிருந்தது. ஆட்கள் எல்லோரும் போன் வாங்குவது இந்தக் கடையில் என்பதும் தெரிந்திருந்தது. ஒரே பெயரில் நூறு பேருக்குப் போன் ஓட்டுகிறாய், போலீஸுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார். பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜெஸ்லினுக்கு இந்தத் தடவை வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

பொன்னம்மை யூசுப்பின் முன்னால் வந்து நின்றாள். "என்னயும்தான் மெரட்டுனாவ," என்றாள். "புருசன் உள்ள, மக ஊர்ல, நான் ஒத்தையில நின்னு மாட்டேம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்க ஆம்பள, சொந்தமா கடை வச்சிருக்கிய. ஒங்களுக்கு எதுக்குண்ணே அம்புட்டு பயம்?"

யூசுப் ஏற்கெனவே மடித்து வைத்த வண்ணத் தாள்களை மறுபடி மடித்தார்.

பத்மஜா மறுபடியும் தன் மௌனத்துக்குள் போயிருந்தாள். தோற்றுவிட்டோம் என்று அவள் மனம் சொன்னது. அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷத்தில் செத்துப்போனதாக எழுதிவிட்டுப் போன எத்தனையோ லைன்களை அவள் மறுபடி காதில் வைத்துக் கேட்டிருக்கிறாள். அநேகமாக எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மூச்சு இருக்கத்தான் செய்தது.

அந்த நேரத்தில்தான் தாணு முணுமுணுத்தான். பெஞ்சாதியின் படங்களை அழிப்பதற்காகப் போனைக் குடைந்துகொண்டிருந்தவன்.

"இது வேற. மத்தியானத்துல இருந்து பூரா பணக்காரப் படமால்லா வருது. சோபாவுல நாய் உக்காந்திருக்கு. இன்னா பாருங்க, ஒரு கேக்கு, ஒரு கலியாண மண்டபம் கணக்கா வீடு."

பத்மஜா கையை நீட்டினாள். தாணு போனைக் கொடுத்தான். சோபாவில் ஒரு நாய். வெள்ளைக் கார். கேக். ஒரு கட்டட வரைபடம். அதற்குக் கீழே இன்னும், இன்னும். எண்ண முடியாத அளவுக்குப் படங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன.

"ஜெஸ்லின்," என்றாள் பத்மஜா. "நூத்தி நாப்பத்தொண்ணாவது போன் யாரோடது?"

ஜெஸ்லின் கணக்கின் உள்ளே போய்ப் பார்த்தாள். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் எல்லாம் மலிவுப் போன்கள். கடைசியாக மதியம் சேர்ந்தது மட்டும் விலை கூடியது. அதன் பெயர் ஹரிஷங்கர் என்றே இருந்தது. அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்புக்கிடையில் விளக்கம் துண்டு துண்டாக வந்தது.

மனுஷன் அழிப்பதற்காகக் கணக்கைத் தன் சொந்தப் போனிலேயே போட்டிருக்கிறார். போட்டதும் 'இந்தப் போனின் படங்களையும் சேமிக்கட்டுமா' என்று அது கேட்டிருக்கும். அவசரத்தில் இருப்பவன் எதையும் வாசிக்கமாட்டான், பெரிதாகத் தெரிகிற பட்டனை அமுக்குவான். அந்த விலை கூடிய போனில் எடுத்த படம், வாட்ஸ்அப்பில் வந்த படம், ஸ்க்ரீன்ஷாட் எல்லாமே ஒரே பெட்டியில் கிடக்கும். பெட்டியோடு கொட்டிவிட்டது.

"நம்ம ஆளுகளுக்கு ஸ்டேஷன்ல அரை மணிக்கூர் வைஃபை," என்றாள். "இவரு வீட்டுல ஊர்லயே வேகமான லைன் இருக்கும், மாமி. நல்ல லைன் எடுத்ததுக்கு இப்பந்தான் பிரயோஜனம். நமக்கு."

புதுப் படங்கள்தான் முதலில் ஏறும். அதனால் வியாழக்கிழமை முன்னாடியே வந்திருந்தது. அதில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் இருந்தது. வீட்டுச் சொந்தக்காரருக்கும் ஹரிஷங்கருக்கும் நடந்த வாட்ஸ்அப் பேச்சு, மலையாளத்தில். ஜெஸ்லின் அதைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். நால்வரும் பார்த்தார்கள். பொன்னம்மையின் உதடுகள் லேசாக அசைந்தன.

ஞாயிற்றுக்கிழமை பாலுகாய்ச்சிப் புதுவீடு புகவேண்டும், டைல்ஸ்காரர்கள் வெள்ளிக்கிழமை வந்தாக வேண்டும் என்று சொந்தக்காரர் நெருக்கியிருந்தார். அதற்கு ஹரிஷங்கரின் பதிலை ஜெஸ்லின் தமிழில் சொன்னாள்: இருபத்தொரு நாள் ஆகாமல் முட்டுகளைப் பிரிக்கமாட்டேன் என்று மேஸ்திரி பிடிவாதம் பிடிக்கிறான். பிரிக்காவிட்டால் நாளை முதல் அவனுக்கும் அவன் ஆட்களுக்கும் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டேன். மதியத்துக்குள் பிரித்துவிடுவான்.

"இத எதுக்கு அவரு எடுத்து வச்சிருக்காரு?" என்று கேட்டான் தாணு.

"வீட்டுக்காரர் நாளைக்குக் கையைக் கழுவினா அவருக்குக் காட்டறதுக்கு," என்றாள் பத்மஜா. "தன்னைக் காப்பாத்திக்க வச்சுண்டதாக்கும்."

யூசுப் தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்டார். அடுத்தவர் படத்தை நாம் எடுப்பது தப்பாகாதா, கோர்ட்டில் கேட்கமாட்டார்களா?

"கேக்கட்டும்," என்றாள் பத்மஜா. "நாம யார் வீட்டுப் பூட்டையும் உடைக்கலை. இது உங்க கணக்கு, தங்கபாண்டியோடதும்தான். அவர்தான் உள்ளே வந்தார், திருட வந்த இடத்துல தன் பையை வச்சுட்டுப் போயிட்டார். பையில என்ன இருந்ததுன்னு நான் கோர்ட்டுல வந்து சொல்றேன்."

யூசுப் எழுந்தார். பிரிண்டரைப் போட்டார். "நானும் வராம்," என்றார். "மதியம் வந்து பாஸ்வேர்டு வாங்கினாருன்னு நான்தானே பறயணும். போலீஸ் என்னைப் பிடிச்சா பிடிக்கட்டே."

ஸ்க்ரீன்ஷாட்டையும், இணைந்த கருவிகளின் பட்டியலையும், நேரம் தெரியும்படி இரண்டு பிரதி எடுத்தார்கள். ஜெஸ்லின் அந்தப் படங்களைத் தங்கபாண்டியின் ஜாமீன் மனு போட்ட வஞ்சியூர் வக்கீலுக்குப் போனிலேயே அனுப்பினாள். பென் டிரைவ் ஒன்றிலும் போட்டாள். ஐந்து நிமிஷத்தில் வக்கீலிடமிருந்து உடனே வாருங்கள் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பாஸ்வேர்டை மாற்றினாள். நூற்று நாற்பது பேரும் நாளைக்கு வந்து வரிசையில் நிற்பார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு, அவரவர் படம் அவரவருக்கு என்று யூசுப்பிடம் கண்டிப்பாகச் சொன்னாள். முதல் ஆள் தாணு.

யூசுப்பின் போன் அடித்தது. ஹரிஷங்கர். யூசுப் பத்மஜாவைப் பார்த்தார். அவள் எதுவும் சொல்வதற்குள் பொன்னம்மை அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

அந்தக் குரல் திருப்தியாக இருந்தது. வேலை முடிந்தது, இனி யாரும் கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொள் என்றது. அந்தத் தமிழ்க்காரியைக் கண்டால் சாயங்காலத்துக்குள் வந்து கையெழுத்துப் போடச் சொல், இதுதான் கடைசித் தடவை என்றது.

"அவதான் பேசுதேன்," என்றாள் பொன்னம்மை.

மறுமுனை குரலைத் தாழ்த்திக்கொண்டது. காகிதத்தில் ஒன்றும் பெரிதாக இல்லை, அவளுக்குப் புரியாத சட்ட வார்த்தைகள்தான், நல்லதற்காகத்தான் சொல்கிறேன் என்றது.

"வியாழக்கெழமை காலையில எட்டு பன்னெண்டுக்கு வீட்டுக்காரருக்கு என்ன எழுதுனியன்னு பாத்துட்டேன் சார்." அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொல்லையும் செங்கல் வைப்பதுபோல வைத்தாள். "எங்க ஆளு பிடிவாதம்னு எழுதியிருக்கிய. ஆமா, பிடிவாதந்தான். எனக்கு யாரும் படிச்சுக் காட்டல. பதினோரு வருசமா இந்த ஊர்ல பஸ்ஸு போர்டு பாத்துத்தான் ஏறுதேன் எறங்குதேன். மலையாளம் எனக்கு வாசிக்கத் தெரியும் சார். நீங்க யாரும் கேக்கல, அதனால நானும் சொல்லல."

ஜெஸ்லின் திரும்பி அவளைப் பார்த்தாள். தான் மெனக்கெட்டு மொழிபெயர்த்ததை நினைத்தோ என்னவோ, முதல்முறையாக அவள் முகம் சிவந்தது.

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ சொல்லத் தொடங்கி நின்றது. யாரோ கதவைச் சாத்தும் ஒலி வந்தது. பத்மஜாவின் காது அதையெல்லாம் வாங்கிக்கொண்டது. ஆனால் இந்தக் கம்பியின் முனையில் காத்திருக்க வேண்டிய அவசியம் இனி யாருக்கும் இல்லை.

பொன்னம்மை போனை அணைத்து யூசுப்பின் கையில் கொடுத்தாள். பிரிண்டரிலிருந்து வந்த தாள்களை எடுத்து, மடிக்காமல், நனையாமல் இருக்க முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது.

"வஞ்சியூருக்கு ஆட்டோ வேண்டாம்," என்றாள். "நடந்தே போயிரலாம். வாங்க."

அவள் முன்னால் நடந்தாள். மற்ற நால்வரும் அவளுக்குப் பின்னால்.